யொலாண்டா ஏன் வாறேல்லை?

— காரால இறங்குமன் டொறத்தி. ஆட்டப் பயிற்சி வகுப்புத் தொடங்கப்போகுது.

— மண்டபத்தில ஒரு வெளிச்சமும் இல்லை. ஆருக்கு வகுப்பு?

— பிந்தித்தான் வருவினம். இந்தத் தென்னமெரிக்கப் பெண்டுகளுக்கு நேரமெண்டால் என்னெண்டு தெரியாது. நான் போய்க் கதிரையளை ஒதுக்கி விடுறன்.

— இஞ்சருங்கோ, அந்தத் தேத்தண்ணிப் போத்தலைக் கீழ வையுங்கோ. ஒருத்தரும் வரப்போறேல்லை.

— மரிசோல் வருவாள்தானே? உம்மோட வேலையிடத்துக் குசினியில நிக்கிறவள், வகுப்பு நடத்துறதே அவள்.

— போன கிழமை அவளும் நானும் மட்டும்தான் துள்ளினது. பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? யொலாண்டாவும் இல்லை, கிளாடிசும் இல்லை.

— சொல்லுறன் கேளும். யொலாண்டாவின்ர மனுசன் விடமாட்டான். அவங்கட ஆம்பிளையள் அப்பிடித்தான்.

— அவளின்ர மனுசன்தான் பிள்ளையளையும் பாத்து, சமைச்சும் வைக்கிறவன்.

— அப்ப வேலைக் களைப்பு. நாள் முழுக்க ஹோட்டல் அறை துடைச்சுப்போட்டு வந்து ஆர் துள்ளுவினம்?

— நாரி, இடுப்பெல்லாம் நோகுதெண்டுதான் அவள் வரவே தொடங்கினவள். வந்தாப்பிறகு சுகமெண்டும் சொன்னவள்.

— அப்ப வெக்கம். உடம்பு வைச்ச பெண்டுகள்தானே.

— ஓம். வெக்கம்தான்.

— பாத்தீரே! சொல்லுறன் கேளும், அந்த வெக்கத்தைப் போக்கத்தான் நான் முன்னுக்கு இருந்து கை தட்டிறனான். ஐன்ஸ், ஸ்வை, ட்றை எண்டு டொச்சில எண்ணிக் குடுக்கிறதும் நான்தானே? கிளாடிஸ் களைச்சு நிக்கேக்க, காலை இன்னும் தூக்கெண்டு காட்டிக் குடுத்தது ஆர்?

— அண்டைக்கு அவள் உடுப்பும் மாத்தாமல் அப்பிடியே வீட்டை போனவள்.

— அவளுக்கு என்ன அவசரமோ. எங்கட பெண்டுகளாவது வரலாம். சந்திரகாந்திக்கு வீடியோவும் அனுப்பினனான்.

— என்ன வீடியோ?

— நீங்கள் எல்லாரும் துள்ளுறதுதான். கோயில் வட்ஸ்அப் குறூப்பிலயும் போட்டனான், ஊக்கமா இருக்கட்டுமெண்டு.

— மாதாவே! அவையளைக் கேட்டனீங்களோ? என்னைக் கேட்டனீங்களோ?

— நல்ல காரியத்துக்கு என்ன கேள்வி? பாதர் கூடப் பெருவிரல் போட்டவர்.

— பாதர் பாத்தவரோ! அதுதான் போன ஞாயிறு பூசையில சந்திரகாந்தி அக்கா என்னைக் கண்டிட்டுச் சிரிச்சவ. வரச்சொல்லிக் கேட்டதுக்கு, உம்மட மனுசன் பேனாட்டுக்கு முன்னால நான் என்னெண்டு துள்ளுறது எண்டு கேட்டவ.

— அவவுக்குப் பஞ்சி, சோம்பல். அதுக்கு நான் சாட்டோ? ஹம்பேர்க்கில எத்தினை மனுசன்மார் இப்பிடி இருக்கினம், சொல்லும்? கோயிலுக்கு வாற டக்ளஸ் தன்ர மனுசியைக் கடைக்குக்கூடக் கொண்டுபோய் விடான். நான் வேலையால வந்து, சாப்பிடாமல் உம்மை ஏத்திக்கொண்டு வந்து, முடியுமட்டும் உள்ள குந்தியிருக்கிறன்.

— ஆர் இருக்கச் சொன்னது? எஸ்-பான் ரெயினில வர எனக்குத் தெரியாதோ? விடியக் காலமை இருட்டுக்க தனியத்தானே வேலைக்குப் போறன்.

— வேலை வேற, இது வேற. இறுக்கின காற்சட்டையோட பேனாட்டின்ர மனுசி தனியத் திரியிறா எண்டு நாலு சனம் கதைக்கும்.

— கதைக்கட்டும்! சீனி ஏறி நிக்குது, இப்பிடியே விட்டால் ஊசிதான் எண்டு டொக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே? வீட்டில நடக்கிற மெஷின் வாங்கித் தந்தியள், அதில உடுப்புத்தான் காயுது. இஞ்ச மட்டும்தான் நான் சிரிச்சுச் சிரிச்சு உடம்பை அசைச்சனான். இப்ப அதுவும் போச்சு.

— அழாதையும். நான் மரிசோலோட கதைக்கிறன். வேணுமெண்டால் அந்தப் பெண்டுகளை வீடுவீடாப் போய் ஏத்திக்கொண்டு வாறன். உடம்பில அக்கறை இல்லாத சனம், அதுதான் விஷயம். நாங்கள் தள்ளித்தான் விடவேணும்.

— வாயை மூடிக்கொண்டு ஒருக்காக் கேக்கிறியளே?

— சரி, சொல்லும்.

— அவையள் ஒருத்தரும் துள்ளுறதை விடேல்லை. இப்ப வேற மண்டபத்தில துள்ளிக்கொண்டு நிக்கினம். இண்டைக்குக் குசினியில வைச்சு மரிசோல் சொன்னவள். விலாசம் மட்டும் எனக்குத் தரமாட்டாளாம். தந்தால் நீங்கள் என்னைக் கொண்டுவந்து விட்டிட்டு உள்ள குந்தியிருப்பியளாம்.