கொள்ளைக்காரனுக்குப் போட்ட மாலை

நெலவுப்படி தாண்டீராதீங்க போலீசய்யா, அங்கயே நில்லுங்க. எங்கூட்டுக்காரரு சொன்னது காதுல உழுந்துதில்லீங்க? புள்ளப் பெத்த அறை, தீட்டு. நெசவுக்காரருக்குச் சர்க்காரு அளந்து குடுக்கற கன்ட்ரோல் நூலு பதுங்கியிருக்குதான்னு ஊடு முச்சூடும் தேடிட்டீங்க, இது ஒண்ணுதான் பாக்கி.

அவருங்களா? வந்துருவாரு. அதுவரைக்கும் பேசிக்கிட்டிருன்னுட்டுப் போனாரு. நானா! வெளி ஆளக் கண்டா நாக்கு மேல ஒட்டிக்குமுங்க எனக்கு. மூணாங்கிளாசோட நின்ன கழுதை.

என்னத்தப் பேசறது... சங்ககிரிக் கொட்டாயில ஒரு படம் பாத்தமுங்க. கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருத்தன். பஞ்சத்துல அரிசியப் பதுக்கி, பங்களாவே கட்டீர்றான். பொறவு ஒரு சத்திரம் தொறக்கறான். ஊர்ப் பெரியவரு மாலை போட்டு, இவராட்டம் நாலு பேரு இருந்தா நம்ம நாடு முன்னேறீருமுங்கறாரு. கொட்டாயே சிரிச்சுதுங்க. நானு மட்டும், எத்தன நல்ல மனசுன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டேன். பக்கத்தூட்டு உண்ணாமலையக்கா, அடி கூறுகெட்டவளே, அவன் கொள்ளைக்காரன்டின்னு இடிச்சாங்க.

பொறவு எங்கூருல பள்ளிக்கோடம் தொறந்தாங்க. எங்கூட்டுக்காரருக்கு மாலைங்க. வெறுங்கையோட வந்து மேல வந்தவரு, இவராட்டம் நாலு பேரு இருந்தா நாடு முன்னேறீருமுன்னாங்க. ஒருத்தரும் சிரிக்கலீங்க. எனக்கு அப்பத்தான் படம் புரிஞ்சுதுங்க! சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சீலைய வாயில அடச்சு, இருமறாப்பல இருமித் தொலச்சேன். நூலில்லாம தறிக்குழியில கோழி அடை வெச்சிருக்கற சனங்க, அவங்கதான் முன்னால உக்காந்து கை தட்டுனது.

அந்தக் கொள்ளைக்காரனா? கடைசீல சுட்டுர்றாங்க. பொண்டாட்டி நெம்ப நேரம் அழுவறா. அவன் இருந்த வரைக்கும் நல்ல பட்டுச்சீலையாக் கட்டிக்கிட்டு, வாயே தொறக்கலீங்க அவ. நானு அவ சீலைக் கரையவே பாத்துக்கிட்டிருந்தவ, அவளச் சொல்ல எனக்கென்ன யோக்கிதை.

எங்கூட்டுக்காரரு கெட்டவரு இல்லீங்க. என்னை ஒரு வார்த்த வஞ்சதில்ல. செயிலுன்னா களி தின்னுட்டுத் திரும்பி வந்துருவாரில்லீங்களா? அடிக்கமாட்டீங்கல்ல?

கெளம்பீட்டீங்களா? இருங்க, இருங்க. புள்ள தொட்டில்ல இல்லீங்க ஐயா. போன மாசமே தவழ ஆரம்பிச்சுட்டான். இப்ப அந்த நூல் மூட்ட மேலதான் ஏறி உக்காந்திருக்கறான். உள்ள வந்து அவனக் கொஞ்சம் எறக்கி உடுங்க, எனக்கு எட்டல.