கோழிக்கூட்டுத் துப்பாக்கி

காய்ந்த கோழி எச்சத்தைத் துப்பாக்கியின் வால்நட் மரக்கட்டையிலிருந்து எடுக்க வெந்நீர் கூடாது. பலரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். வெந்நீர் பட்டால் மரம் ஊதி, நார் நாராகக் கிளம்பிவிடும். எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, மழுங்கிய மரச்சிம்பால் மெல்லச் சுரண்ட வேண்டும். பொறுமைதான் முக்கியம். நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் இல்லை, மேடம். நீங்கள் வாக்குமூலத்தில் அப்படித்தான் எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று தோன்றியதால் சொல்கிறேன்.

அந்தத் துப்பாக்கி எங்கள் தாத்தாவுடையது. மான்லிஹர் ரைஃபிள். பால்கன் போருக்குத் தோளில் போட்டுக்கொண்டு போய், அதே தோளில் திருப்பிக் கொண்டுவந்தார். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த காலம் முழுக்க அப்பா அதைத் தொழுவத்துச் சுவருக்குள் வைத்துப் பூசி மறைத்திருந்தார். சாகும்போது எடுத்து அண்ணன் வெல்கோ கையில் கொடுத்தார். மூத்தவனுக்குத்தான் சேர வேண்டுமாம். எங்கள் காப்ரோவோ ஊர்ப் பூட்டுப் பட்டறையில் பாதி ஆயுளை இரும்போடு கழித்தவன் நான். அண்ணனுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. இருந்தாலும் மூத்தவர் மூத்தவர்தானே.

அவர் அதை என்ன செய்தார் தெரியுமா? கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தார். அடிக்கட்டை சேற்றில் புதைந்து கிடந்தது. குழல்மேல் கோழிகள் ஏறி உட்கார்ந்து கழிந்தன. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அண்ணன் சிரித்தார். அவருக்குப் பக்கத்து வீட்டு ஸோன்கா அக்கா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"உனக்கெதுக்குடா மிஞ்சோ துப்பாக்கி? நீ ஒரு எலியைக்கூடச் சுட மாட்டே. இங்க இருந்தா என் கோழிங்களுக்காவது காவல் நிக்கும்."

ஸோன்கா அக்காவும் சிரித்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன்.

இலையுதிர் காலத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கோழிகளுக்கு மத்தியில் விழுந்து கிடந்தவரை ஸோன்கா அக்காதான் பார்த்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "பேச்சு இனிமே வராதுங்க. ஆனா நாம சொல்றது அத்தனையும் அவருக்குப் புரியும். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கணும். தண்ணி மட்டும் கரண்டி கரண்டியா விடாம குடுத்துக்கிட்டே இருங்க." அண்ணனுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஸோன்கா அக்கா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் விடவில்லை. கூடப்பிறந்தவன் நான் இருக்க, வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் விடுவதா? ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் வண்டியை நிறுத்தி, கோழிக்கூட்டிலிருந்து துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டேன். அதை முன்னிருக்கையில் போர்வையில் சுற்றி வைத்தேன். அண்ணன் பின்னால் படுத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை மாடி அறையில் படுக்க வைத்தேன். என் பட்டறை அதற்கு நேர் கீழே. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். புரட்டினேன், துடைத்தேன், கரண்டியால் பீன்ஸ் சூப் கொடுத்தேன். பாதி உள்ளே போகும், பாதி தாடையில் வழியும். அந்தக் கையோடு கீழே வந்து துப்பாக்கியைத் தொட முடியுமா? சொல்லுங்கள். கடைசிப் பூச்சு ஆளிவிதை எண்ணெயை வெறும் உள்ளங்கையால்தான் தேய்க்க வேண்டும். சூடேற, மரம் எண்ணெயைக் குடிக்க, ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். என் கையில் அவர் வாடை இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் இருந்தது. மனிதனுக்குக் கை இரண்டுதான், மேடம். ஏதாவது ஒரு வேலைக்குத்தான் அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும்.

துருவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். துருவுக்குக் காரணம் ஈரம். குழலில் மேலே தெரிந்த துருவை இரும்பு நாரும் எண்ணெயும் போட்டு எடுத்துவிட்டேன். உள்ளே இறங்கியிருந்ததை எடுக்கத்தான் வாரக்கணக்கானது. மேலே படுக்கையிலும் அதே கதைதான். நனைந்து நனைந்து அவர் முதுகில் தோல் உரிய ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போவதால்தானே வெளியே வருகிறது? குறைத்தேன். படுக்கையோரம் இருந்த டம்ளரை ஜன்னல் விளிம்புக்கு மாற்றினேன். பக்கத்தில் இருந்தவரை அதை இடது கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எடுத்துக் குடிக்கத்தான் பார்த்தார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நனைந்தது மெத்தை.

அதற்கப்புறம்தான் தட்ட ஆரம்பித்தார். கட்டிலை ஒட்டி அறையைச் சூடேற்றும் குழாய் போகிறது. அது அப்படியே கீழே என் மேசைக்கு மேலாக இறங்குகிறது. இடது கையில் சூப்புக் கரண்டியை வைத்துக்கொண்டு அதில் தட்டுவார். டங், டங். திருகாணிகளின் மரை அழிந்துவிடாமல் நான் கழற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கொஞ்சம் கை நடுங்கினாலும் போச்சு. கரண்டியைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். நோயாளியிடம் அப்படிச் செய்வது கொடுமை. அதனால் கரண்டியை அவரிடமே விட்டுவிட்டு, குழாயைச் சுற்றிக் கனமான கம்பளியை வைத்துக் கட்டினேன். அவர் தட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். எனக்குக் கேட்கவில்லை.

ஸோன்கா அக்கா அண்ணன் படுக்கைக்கென்று ஒரு கட்டு விரிப்புகள் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய பருத்தி. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை. எண்ணெய் துடைக்க அதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. அண்ணன் தூங்குகிறார் என்று சொல்லி அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன். அடுத்த முறை வந்தபோது மாடிப்படி வரைக்கும் ஏறிவந்துவிட்டாள். தலைத்துணி நுனியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்னப்பா மிஞ்சோ இது, செத்த வாடை அடிக்குது?"

"எலி செத்துப்போச்சு அக்கா. பலகைக்கு அடியில."

"கதவைச் சீக்கிரம் சாத்தலாம்னு பூனை வாலை நறுக்கி விறகு மிச்சம் பிடிக்கிற காப்ரோவோக்காரன்தானே நீ? ஒரு கட்டி சோப்பைக் கூடவா மிச்சம் பிடிக்கிற? தள்ளு, நான் கழுவிவிடறேன்."

"அவருக்கு நீ பாக்குறது பிடிக்காது. உன் முன்னால எப்படி இருந்த மனுஷன்? அந்த மரியாதையாவது மிஞ்சட்டும்."

அவள் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் போனாள். நான் சொன்னதில் பொய் இல்லை. அந்த நிலையில் அவரைப் பார்ப்பது எனக்கே பிடிக்கவில்லை. கதவைத் திறந்தாலே குமட்டும். ராக்கியா சாராயத்தில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் போவேன். பிறகு அதிகம் போவதில்லை. துப்பாக்கியில் அப்போது அழகான கட்டம். மரத்துக்குள்ளிருந்து அந்தக் கரும்பழுப்பு வரிகள், தேனுக்குள் புகை ஓடுவதுபோல, ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

கடைசியில் ஸோன்கா அக்கா உங்கள் போலீஸ் ஆட்களோடு வந்தாள். மாடி அறைப் பூட்டை உடைக்க வேண்டாம், சாவி இருக்கிறது என்று நானே கொடுத்தேன். மாடிக்குப் போனவள் படியிலேயே வாந்தி எடுத்தாள். உங்கள் ஆட்களில் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான பையன், அவரும் வெளியே ஓடினார். அவள் இறங்கி என் பட்டறைக்குள் வந்தாள். மேசைமேல் துப்பாக்கி இருந்தது. கீழே விரித்திருந்தது தன்னுடைய விரிப்பு என்று கண்டுகொண்டாள். குனிந்து துப்பாக்கிமேல் காறித் துப்பினாள்.

உடனே துடைத்துவிட்டேன். எச்சிலில் உப்பு இருக்கிறது. அப்படியே விட்டால் துருப் பிடித்துவிடும்.

அண்ணனைக் கடைசியாக உயிரோடு எப்போது பார்த்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாமல் தூக்கத்தில் போய்விட்டார் என்று முதலில் சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த காலையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். நல்ல வெயில். ஈக்கள் ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. அண்ணன் உயிரோடுதான் இருந்தார். மிகவும் சிறுத்துப்போயிருந்தார். முதுகு விரிப்போடு ஒட்டியிருந்தது. கரண்டி இன்னும் கையில் இருந்தது. கட்டிலருகே நின்று, வெளிச்சம் விழும்படி துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தேன்.

"பாருண்ணே," என்றேன். "உன் கோழிக்கூட்டுத் துப்பாக்கி."

அவர் கண் அதில் நிற்கவில்லை. அதைத் தாண்டி ஜன்னல் விளிம்புக்குப் போனது. டம்ளர் அங்கேதான் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து டம்ளரை மறைத்தாற்போலத் துப்பாக்கியைப் பிடித்தேன். தலையைத் திருப்ப முடியாமல் திருப்பி, அந்தப் பக்கமாகப் பார்த்தார். நானும் அந்தப் பக்கம் நகர்ந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. நாக்கு கறுத்து வெடித்திருந்தது. வாயைத் திறந்து மூச்சை மட்டும் விட்டார். எத்தனை வாரத்து உழைப்பு, மேடம். ஒரு பார்வை கூட இல்லை.

துப்பாக்கியில் அந்த வாடை ஏறிவிடும் என்று கீழே கொண்டுவந்தேன். கதவைப் பூட்டினேன். பிறகு திறக்கவில்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களாம். இல்லை. நான் அவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நின்றேன். 'நல்லா இருக்குடா தம்பி' என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்திருப்பேன்.