யூதர் பற்றவைக்கும் அடுப்பு

ஜெர்மனியின் எசன் நகரில் வேலை தேடித் திரிந்த நாட்களில், காலை ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் யூத முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஒரு வாரமாக வேலை பழகிக்கொண்டிருந்தார்.

"நான் சமைக்கலாம். அடுப்பை மட்டும் யூதர் ஒராள்தான் பத்தவைக்கோணும்," என்றார்.

"இதென்ன கதை அக்கா?"

"அவையின்ர சமயச் சட்டம். நேற்று மேற்பார்வை பார்க்கிற யூதர் வரப் பிந்திப்போச்சு. உதவியெண்டு நினைச்சு நானே பத்தவைச்சிட்டன். ஒரு பானை பருப்புச் சூப்பும் அவைக்குக் குடுக்க ஏலாமப் போச்சு. வேலை செய்யிற நாங்கள்தான் குடிச்சு முடிச்சம்."

"ஊரில எங்களைக் கிணத்தில தண்ணி அள்ள விடாதவையின்ர புத்திதான். பத்து மணிக்கு வேலை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கிற டெர்மின் எண்டீங்கள், போகாதேங்கோ."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். நாங்கள் என்ன தீட்டோ எண்டு அவரை நேர கேட்டன். தீட்டில்லையாம். மற்ற ஆக்களோட சாப்பிட்டுச் சம்பந்தம் செய்து தங்கட சனம் கரைஞ்சு போகாமல் இருக்க, அந்தக் காலத்தில போட்ட வேலியாம்."

"வேலிதானே! உங்கட வீட்டில சாப்பிடுவாரோ?"

"அதையும் கேட்டன். மாட்டாராம். தேத்தண்ணிக்கு அந்தச் சட்டமில்லையாம், வேற சாப்பாடு படாத புதுக் கிளாசில பிளேன்ரீ தந்தாக் குடிப்பாராம்."

இளையவர் சிரித்தார். "அப்ப கையெழுத்து வைக்கப் போறீங்களோ?"

"ஊரில எங்கட படலைக்குள்ள வந்து தேத்தண்ணி குடிச்ச கிணத்துக்காரர் எத்தினை பேர்? ஒருத்தருமில்லை. கையெழுத்து வைக்கிறன். வரேக்க ரெண்டு கிளாஸ் வாங்கோணும்."