நியூயோர்க் பல்சுவை மேடையும் எங்கள் கிங்ஸ்பரி மேடையும்

தலைமை இருக்கையை அலங்கரிக்கும் எங்கள் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய பரமேஸ்வரன் ஐயா அவர்களே! அவருக்குப் பக்கத்தில், மடியில் மடித்த பொன்னாடைகளோடு அமர்ந்திருக்கும் செயலாளர் இராஜேந்திரன் அவர்களே! மோர்டனிலிருந்தும் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் ரயில் மாறி, பஸ் மாறி, மழையில் குடை மாறி வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! தேநீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கண்ணும் மேடையின் மேல் ஒரு கண்ணுமாக நிற்கும் தாய்மார்களே! கதிரையில் இருக்கமாட்டோம் என்று ஓடித் திரியும் குழந்தைகளே! மேலங்கியைக் கழற்றாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

முதலில் ஒரு சிறிய மன்னிப்பு. மேடையில் பேசுகிறவர்கள் தாளைப் பார்க்காமல் பேசுவதுதான் எங்கள் சபைக்கு அழகு. நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதாவிட்டால் எனக்கு வாய் திறக்காது. எழுதியது பிழையென்றால் பொறுத்தருளுங்கள். தாள் சத்தம் போட்டால், அது மைக்கின் குற்றமென்று பாலேந்திரா அண்ணையிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். எதையும் தாங்கக் கூடியவர்.

என்ன மாமி? "சத்தமாக் கதை பிள்ளை" என்கிறீர்களா? இதோ, சிவனேஸ்வரி மாமி. இப்போது கேட்கிறதா? நன்றி.

நான் சென்ற மாதம் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அந்தச் சந்தோஷத்தை விசாரிக்க வந்தவர்கள் என் அப்பாவிடம் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே!

"சபாரத்தினம், மகள் என்ன படிச்சவ? டொக்டரோ, எக்கவுண்டன்டோ?"

"ரீவி."

"ரீவி திருத்தவோ? நல்லதாப் போச்சு. எங்கட ரீவி ஒரு பக்கம் பச்சையா வருது. ஒருக்கா வந்து பாக்கச் சொல்லும்."

"இல்லை அண்ணை, திருத்திறதில்லை. பாக்கிறது."

"பாக்கிறதுக்கோ பட்டம் குடுக்கிறாங்கள்? அப்ப என்ர மனிசிக்கு ரெண்டு பட்டம் குடுக்கவேணும்!"

சிரியுங்கள், சிரியுங்கள். அப்படிக் கேட்ட நடராஜா மாமா முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரே எல்லோரையும் விடப் பலமாகச் சிரிக்கிறார்.

நான் ஆராய்ந்தது, அமெரிக்கத் தொலைக்காட்சி பிறந்து தவழ்ந்த காலத்து இசை, நகைச்சுவைப் பல்சுவை நிகழ்ச்சிகளை. அதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஓர் உண்மையை உங்கள் முன் வைக்க வேண்டும். இந்த வருட விழாவில் எங்கள் பல்சுவை நிகழ்ச்சி இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் அறிவுபூர்வமாக ஒரு பேச்சு இருக்கட்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. அந்தப் பேச்சு என்னுடையது. எதைப் பற்றி? பல்சுவையைப் பற்றி! பசித்தவனை இருத்தி, இலையை எடுத்துவிட்டு, சமையலைப் பற்றிச் சொற்பொழிவு வைப்பது போல இல்லையா?

ஏன் நின்றது பல்சுவை? போன வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இதே மண்டபம். பிற்பகல் நிகழ்ச்சி. ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும், அடுத்ததாக ஒரு கல்யாணப் பார்ட்டி. நாங்கள் என்ன செய்தோம்? வரவேற்றோம். வரவேற்றவரை வாழ்த்தினோம். வாழ்த்தியவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவரைப் பாராட்டி, அவருக்கும் ஒன்று போர்த்தினோம். யாருடைய பெயரையாவது விட்டுவிட்டால் மனம் நோகுமே என்ற நல்ல எண்ணத்தால், ஒவ்வொரு பேச்சாளரும் அவையிலிருந்த அத்தனை பெயரையும் முதலிலிருந்து சொன்னார்கள். எவருடைய மனமும் நோகவில்லை. நோகாமல் பார்த்துப் பார்த்து, பிற்பகலை முடித்துவிட்டோம்.

கடைசியாகத்தான் பல்சுவை தொடங்கியது. முதல் அயிட்டம் வசந்தமலர் அக்கா. எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருப்பவர். பார்க் றோயலில் சாண்ட்விச் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குளிர் அறையில் நின்று ரொட்டிக்கு வெள்ளரிக்காய் வைத்துவிட்டு வந்து, மாடியில் நின்று தனிநடிப்புப் பழகுவார். அது எங்கள் கூரை வழியாகக் கேட்கும். கதை இதுதான்: குளியலறை ஒழுகுகிறது என்று கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்கு, ஒரு தமிழ்ப் பெண் போன் எடுக்கிறாள். போன் எடுப்பவளும் அவர், மறுமுனையில் பேசும் வெள்ளைக்காரியும் அவர், பக்கத்தில் நின்று பிழையாக மொழிபெயர்க்கும் கணவனும் அவர். காத்திருக்கச் சொல்லிப் போடுவார்களே ஒரு இசை, அந்த இசையும் அவர்தான். வாயாலேயே வயலின் வாசிப்பார்!

அன்றைக்கு மேடையில் வந்து நின்றார். "ஹலோ, கவுன்சிலோ?" என்றார். மண்டபம் அதிர்ந்தது. வெள்ளைக்காரி காத்திருக்கச் சொன்னாள். அக்கா வயலின் வாசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மேடை விளக்கு அணைந்தது. மண்டபக் காவலர் மீது குற்றமில்லை. அவர் எத்தனையோ தடவை கடிகாரத்தைக் காட்டினார். நாங்கள்தான் பொன்னாடை விரித்துக்கொண்டிருந்தோம்.

இருட்டுக்குள் அந்த வயலின் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? தமிழ்க் கடையில் ஒருவர், "என்ன வசந்தமலர், கவுன்சில் திரும்பப் போனை எடுத்தவங்களோ?" பஸ் தரிப்பில் இன்னொருவர், "குளியலறை இன்னும் ஒழுகுதோ?" அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் பாதியில் நின்றவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அன்றோடு எங்கள் கூரை அமைதியானது. "இனி நான் மேடைப் பக்கம் வரேல்லை" என்று சொல்லிவிட்டார். செயற்குழுவும், "நேரம் காணாது, இனி உந்தப் பகிடியெல்லாம் வேண்டாம், படிச்ச சனம் வாற இடம்" என்று சொல்லிவிட்டது. ஒரு விளக்கு அணைந்ததில் ஒரு கலைஞரும் போனார், ஒரு மேடையும் போனது.

இனி, சபையோரே, என்னோடு நியூயோர்க் நகரத்துக்கு வாருங்கள். விசா தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய பாட்டுக்காரர், கூத்துக்காரர், பந்துகளை எறிந்து பிடித்து வித்தை காட்டுபவர், பொம்மையைப் பேச வைப்பவர் எல்லோருடைய பிழைப்பையும் சினிமாவும் வானொலியும் விழுங்கிவிட்டிருந்தன. இவர்களுடைய காலம் முடிந்தது என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். முடிந்ததா? இல்லை! தொலைக்காட்சி என்ற புதுப் பெட்டி வந்தது. பெட்டி இருந்தது, பெட்டிக்குள் போடப் பொருள் இருக்கவில்லை. யாரைக் கூப்பிட்டார்கள்? பழைய கொட்டகைக்காரரைக் கூப்பிட்டார்கள். ஒரு திரை, ஒரு வாத்தியக் குழு, ஒரு தொகுப்பாளர். ஒரு பாட்டு, ஒரு பகிடி, ஒரு நடனம், மறுபடி ஒரு பகிடி. அமெரிக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தது.

யார் அந்தப் பகிடிக்காரர்கள்? அவர்களில் பலர் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள். பெற்றோர் கப்பலில் வந்தவர்கள். தையல் கடையிலும் மீன் கடையிலும் உழைத்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. இரண்டு மொழிக்கும் நடுவில் தடுக்கி விழுந்ததைத்தான் அவர்கள் மேடையில் நகைச்சுவையாக எழுந்து நின்று காட்டினார்கள். இது உங்களுக்கு யாரையாவது நினைவூட்டவில்லையா?

தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் தெருவே கூடியது. இது உங்களுக்குப் புதிதா? வீடியோ டெக் இருந்த ஒரே வீட்டில், சனிக்கிழமை செருப்பு வைக்க இடமில்லாமல் நாங்கள் கூடவில்லையா?

எல்லாம் சுவர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. கறுப்பினப் பாடகர் ஒருவர் வெள்ளைக்காரரோடு சமமாக நின்றால் முகம் சுளித்த ஊர்கள் இருந்தன, விளம்பரம் தந்த கொம்பனிகளும் இருந்தன. சுளித்தவர்களைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. பயப்படாமல் கையைப் பிடித்து மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. ஒரு மேடை எப்படிப்பட்டது என்பதை அங்கே போட்ட கம்பளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, யாரை ஏற்றினார்கள் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று கேளுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரடி ஒளிபரப்பு. வசனம் மறந்தால் நாடே பார்க்கும். மீசை கழன்று விழுந்தால் நாடே பார்க்கும். கடிகாரம்தான் அங்கே தலைவர். கமெராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். அவர் வாய் திறக்கக் கூடாது, கையால்தான் பேசுவார். கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்தால், நிறுத்து. இரண்டு கைகளையும் சேர்த்து ரப்பரை இழுப்பதுபோல மெல்ல விரித்தால், நேரம் இருக்கிறது, இழு. ஒருவர் சீக்கிரம் முடித்தால் மிஞ்சிய நேரம் வீணாகாது. அடுத்தவருக்குப் போகும்.

சரி மாமி, தேநீர் ஆறுகிறது, தெரியும். வருகிறேன்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சித் திரைக்கு முன் சினிமாக் கமெராவை வைத்துப் பிடித்த படங்கள் சில இன்னும் இருக்கின்றன. மங்கலாக, கோடு விழுந்து இருக்கும். அப்படி ஒன்றை வீடியோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு நகைச்சுவைக்காரர் பேசவேயில்லை. பயணப் பெட்டியைப் பூட்டப் பார்க்கிறார், பூட்ட முடியவில்லை. உட்கார்ந்து பார்க்கிறார், படுத்துப் பார்க்கிறார், கடைசியில் தானே பெட்டிக்குள் போய் உள்ளேயிருந்து பூட்டிவிடுகிறார். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கண்ணீர் வரச் சிரித்தார். "உது நாங்கள் கட்டுநாயக்கா எயார்போட்டில பட்ட பாடெல்லே!" என்றார்.

சத்தம் கேட்டு வசந்தமலர் அக்கா மேலிருந்து இறங்கி வந்தார். கதவடியில் நின்றே பார்த்தார். சிரிக்கவில்லை. அவருடைய கண் அந்த மனிதரின் காலிலும் கையிலும் இருந்தது. முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "உந்த மனிசன்ர அதிர்ஷ்டத்தைப் பாத்தியே பிள்ளை? பெட்டி பூட்டி முடியுமட்டும் ஒருத்தரும் லைற்றை அணைக்கேல்லை."

நான் எழுதிய ஆய்வில் எத்தனையோ அத்தியாயம் இருக்கிறது. அதில் ஒன்றுகூட இந்த ஒரு வரிக்குக் கிட்ட வரவில்லை.

சபையோரே! பகிடி படித்த சனத்துக்கு ஆகாதா? படித்தவள் ஒருத்தி உங்கள் முன் நிற்கிறேன், என் பட்டமே பகிடியில்தான்! எங்களுக்கு அழத் தெரியும். கூட்டம் போட்டு அழத் தெரியும், தனியாக அழத் தெரியும். ஊர்ச் செய்தி வரும் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் அழுதிருக்கிறோம். அதே போனைக் கையில் எடுத்து எங்களைச் சிரிக்க வைக்க ஒருத்தி வந்தாளே! அவளுக்கு ஒரு விளக்குப் போதாதா? எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழில் சிரிக்க அவர்களுக்கு இடம் எங்கே? இந்த மேடைதானே! அமெரிக்காவில் முடிந்தது என்றார்கள், முடியவில்லை. இங்கேயும் முடியாது. போர்த்துவோம், பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாழ்த்துவோம். ஆனால் ஆடவும் பாடவும் சிரிக்கவும் நேரம் விட்டு வாழ்த்துவோம்.

கேட்டிருந்த பொறுமைக்கு நன்றி. அழைத்த தலைவருக்கு நன்றி. என் தாளின் சத்தத்தை மறைத்த பாலேந்திரா அண்ணைக்கு நன்றி. எனக்கு வைத்திருக்கும் பொன்னாடையைச் செயலாளர் அவர்கள் விரிக்க வேண்டாம், மடித்தபடியே தாருங்கள், அப்பாவிடம் கொடுக்கிறேன். எல்லோருக்கும் மீண்டும் என் வணக்கம்.

இல்லை, கைதட்டாதீர்கள். இன்னும் இறங்கவில்லை. ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இங்கே ஒருவர் எழுந்து போயிருப்பார், அதனால் கடைசிக்கு வைத்தேன்.

தலைவர் ஐயா, எனக்குத் தந்த நேரத்தில் பாதிதான் பேசியிருக்கிறேன். வீட்டில் கடிகாரத்தை வைத்து அளந்து அளந்து வெட்டினேன். மிஞ்சிய பாதியை அடுத்தவருக்குத் தாருங்கள். நீங்கள் தலையசைத்தால் போதும்.

அசைத்துவிட்டார்! மண்டபத்துக் கடிகாரத்தைப் பாருங்கள், ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாலேந்திரா அண்ணை, இதோ என் இரண்டு கையையும் விரிக்கிறேன், அர்த்தம் இப்போது உங்களுக்குத் தெரியும். மைக்கை நிறுத்தாதீர்கள்.

கடைசி வரிசையில் இருக்கும் வசந்தமலர் அக்கா, மேலங்கியைக் கழற்றுங்கள். ஒரு வருடமாக லைனில் காத்து நிற்கிறீர்கள். வயலினில் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். கவுன்சில் திரும்பப் போனை எடுத்ததா என்று எங்களுக்கு இன்றைக்குத் தெரிய வேண்டும்.