முப்பதாம் நோட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் கட்சித் தலைவர் அவர்களே, பொதுச்செயலாளர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, நான் நிற்கும் அதே போட்டியில் என்னை எதிர்த்து நிற்கும் கண் மருத்துவர் அவர்களே, வருகிற சனிக்கிழமை வாக்களிக்கப் போகும் பிரதிநிதிகளே, முதல் வரிசையில் மறைந்த நம் நோட்டம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவருடைய அன்பு மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்களில் பாதிப் பேர் நான்கு மணிக்கே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே வெயிலில் நின்றீர்கள். மீதிப் பேர் ஐந்து மணிக்கு வந்தீர்கள். சிலர் நேற்றே வந்து திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். இது யாருடைய தவறு? எங்கள் தவறு. நோட்டம்மா மறைந்த மறுநாள், இந்த இரங்கல் கூட்டத்தை எப்போது வைப்பது என்று முடிவு செய்ய நாங்கள் பதினான்கு பேர் கூடினோம். இரண்டரை மணி நேரம் பேசினோம். வெளியே வந்து படி இறங்கும்போது பொருளாளர் "நாலு மணிதானே?" என்றார். இளைஞர் அணிச் செயலாளர் "இல்லண்ணே, அஞ்சு" என்றார். இன்னொருவர், "ஞாயிறா? சனின்னுல்ல முடிவாச்சு?" என்றார். சரி, நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

நோட்டு இல்லை. யாரும் ஒரு வரி எழுதவில்லை. பதினான்கு பேர், எல்லோருடைய அனுபவத்தையும் கூட்டினால் முந்நூறு வருடத்துக்கு மேல் வரும். அந்த முந்நூறு வருடமும் படிக்கட்டில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் தோழர்களே, அவர் போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது. முந்தின நாள் என் கண் முன்னால்தான் விழுந்தார். அப்போது உறைக்கவில்லை. அந்தப் படிக்கட்டில் உறைத்தது.

நம்முடைய செயற்குழுக் குறிப்பெழுத்தர், முப்பத்தொரு ஆண்டுகள் அந்த அறையின் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து நாம் பேசியதையெல்லாம் எழுதியவர், நோட்டம்மா என்று தலைவர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் அழைத்தவர், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நம்மை விட்டுப் போனார். தேதி எழுதியிருந்தார். வந்தவர்கள் பட்டியல் எழுதியிருந்தார். அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தவர் அப்படியே சாய்ந்தார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் நம்பிவிட்டீர்களா?

அவர் எழுதும் விதம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் வேகமாகப் பேசினால் கையைத் தூக்கி, "கொஞ்சம் நில்லுங்க, எழுதணும்" என்பார். அமைச்சராக இருந்தாலும் நிற்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். ஒருமுறை பழைய தலைவர் கோபத்தில் எதையோ சொல்லிவிட்டு, அதை அடித்துவிடச் சொன்னார். நோட்டில் இப்படி இருக்கிறது: "தலைவர் மேசையைத் தட்டினார். முந்தைய வரியை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை." துணைத் தலைவர் ஒருநாள் மதியம் குறட்டைவிட்டுத் தூங்கினார். அதற்கு, "துணைத் தலைவர் மூன்று பத்து முதல் மூன்று நாற்பது வரை கருத்துக் கூறவில்லை" என்று எழுதினார். மனிதரின் மானத்தையும் காப்பாற்றினார், உண்மையையும் விடவில்லை. துணைத் தலைவர் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஒன்றை மட்டும் அவர் எழுதவே மாட்டார். கைதட்டல். "அது யார் சொன்னதும் இல்லையே அண்ணே, எப்படி எழுதறது?" என்பார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் தலைவர் தேர்தலுக்கு நம் கட்சி யாரை நிறுத்துவது? சனிக்கிழமை நீங்கள் முடிவு செய்யப் போகும் கேள்வி அது. இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் மருத்துவர். ஊராட்சி உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. இன்னொருவன் நான். முப்பத்தாறு வருடம், ஆறு தேர்தல், மூன்று முறை அமைச்சர். ஊர் ஊராகப் போய் நான் என்ன சொன்னேன்? "கண்ணாடி மாட்டிவிடுகிறவரிடமா நாட்டைக் கொடுப்பீர்கள்? அனுபவம் வேண்டாமா?" என்று கேட்டேன். அதோடு வெள்ளக் கதையைச் சொன்னேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் அணை நிரம்பி ஆறு ஊருக்குள் வந்தபோது, அமைச்சராக இருந்த நான் இடுப்பளவு தண்ணீரில் மூன்று நாள் நின்றேன் என்று சொன்னேன். எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்? எத்தனை கைதட்டல்? அது பொய் இல்லை. நான் நின்றேன்.

திங்கட்கிழமை மதியம் நோட்டம்மா என்னைப் பதிவறைக்குக் கூப்பிட்டார். சுவர் முழுக்கப் பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள். முப்பதாம் நோட்டை எடுத்து மேசைமேல் விரித்து, ஒரு பக்கத்தை மெல்ல வாசித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"இது எப்ப நடந்தது? நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றேன்.

"சொன்னீங்கண்ணே. நீங்க சொன்னப்ப என் பேனா மை தீந்து, உங்க பேனாவைத்தான் வாங்கி எழுதினேன். பாருங்க, இங்கிருந்து பச்சை."

பச்சை மைதான். அந்தக் காலத்தில் நான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன்.

அவரைத் திட்டினேன். அவர் மகள் எதிரில் இருக்கும்போது சொல்கிறேன். "மருத்துவர்கிட்ட விலை போயிட்டியா?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "அனுபவம் வேண்டாம்னு நான் சொல்லலண்ணே. அது இல்லாம வந்தவங்க இந்த அறையில எத்தனை தடவை தடுமாறினாங்கன்னு நானே எழுதியிருக்கேன். டாக்டரும் தடுமாறுவாரு. நீங்க உங்க அனுபவத்தை முழுசாச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன். நாளைக்கு கமிட்டியில நீங்களே சொல்லிடுங்க. சொல்லலைன்னா நான் வாசிப்பேன்" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் தன் கருத்தாக ஒரு வார்த்தை பேசாதவர். முதல்முறையாகப் பேசப் போகிறார். அதுவும் எனக்கு எதிராக. அன்று நான் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தேன். அவர் முன்னால் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று முப்பதாம் நோட்டு. அதன் நடுவில் ஒரு அட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் தொடங்கியதும் அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்து நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

வேட்பாளர் என்பதால் அன்று அழைக்கப்பட்டு வந்திருந்த மருத்துவர்தான் முதலில் ஓடினார். தரையில் முழங்காலிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பொதுச்செயலாளர் போன் செய்தார். பொருளாளர் ஜன்னல்களைத் திறந்தார். ஆளுக்கு ஒன்று செய்தார்கள். நான் என்ன செய்தேன்?

அந்த அட்டைத் துண்டை உருவினேன்.

யாரும் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கை போனது, எடுத்தது, சட்டைப் பையில் வைத்தது. அந்த நோட்டில் இருநூறு பக்கம். துண்டு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? தரையில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது தோழர்களே. என் முப்பத்தாறு வருட அனுபவம் அந்த நேரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த காரியம் இது.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தார். "அங்கிள், அம்மா காலையில என் முன்னாடிதான் மாத்திரை டப்பாவைக் கிழிச்சு ஒரு துண்டை, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த நோட்டுல வெச்சாங்க. அதுல என் கையெழுத்து இருக்கும். அம்மா பையில காணோம். நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

இதோ அது. மகளே, "காலையில் ஒன்று, மறக்காதே" என்று நீ எழுதியிருக்கிறாய். உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் வைத்துக் கேட்டு உன்னை நெருக்க மாட்டேன்.

நான் கத்தியதால்தான் அவர் இதயம் நின்றதா? மறுநாள் மருத்துவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நான் கண் டாக்டர் சார். எனக்குத் தெரியாது" என்றார். அதன்பின் மூன்று நாள் பதிவறையில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் படித்தேன். நான் பேசாத கூட்டம் இல்லை. "எனக்குத் தெரியாது" என்று நான் சொன்னதாக மட்டும் ஒரு வரி கிடைக்கவில்லை.

முப்பதாம் நோட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அவர் வாசிக்க இருந்ததை நான் வாசிக்கிறேன். ஆற்று மைதானத்தில் நம் மாநாடு நடக்க இருந்ததால், அணையின் உதவிப் பொறியாளரைச் செயற்குழுவுக்கு அழைத்திருந்தோம்.

"உதவிப் பொறியாளர்: அணை நிரம்புகிறது. இன்றே சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். மைதானத்தில் தண்ணீர் ஏறும், ஆனால் ஊருக்குள் வராது.

அமைச்சர்: மாநாடு முடியட்டும். இரண்டு நாள் பொறுத்துத் திறக்கலாம்.

உதவிப் பொறியாளர்: இரண்டு நாள் தாங்காது.

அமைச்சர்: உனக்கு எத்தனை வருஷ அனுபவம்?

உதவிப் பொறியாளர்: ஆறு.

அமைச்சர்: எனக்கு இருபது.

முடிவு: இரண்டு நாள் கழித்துத் திறப்பது. எதிர்ப்பு இல்லை."

மாநாடு நன்றாக நடந்தது. மறுநாள் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டி வந்தது. ஆற்றோரத் தெருவில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளரை இடமாற்றம் செய்த உத்தரவில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டவன் நான். பிறகு தண்ணீரில் இறங்கி மூன்று நாள் நின்றேன். நின்றது நினைவிருந்தது. ஏன் நிற்க வேண்டி வந்தது என்பதை மறந்துவிட்டேன். வேண்டுமென்றே மறைத்தேன் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். உண்மையிலேயே மறந்துவிட்டேன்.

கைதட்டாதீர்கள். அங்கே பின்வரிசையில் யாரோ தட்டுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இதைச் சொன்னதற்காக என்னை நல்லவன் என்று எண்ணி நீங்கள் சனிக்கிழமை வாக்களித்துவிட்டால், அதுவும் நான் செய்த இன்னொரு வேலையாகிவிடும். போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று இந்த மேடையில் அறிவிக்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். கண்ணீரோடு அறிவித்தால் நாளைக் காலைப் பத்திரிகையில் நான்தான் பெரிய மனிதன். அதைச் செய்ய மாட்டேன். என் பெயர் சீட்டில் இருக்கும். நீங்கள் இந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டு அதை அடியுங்கள், அல்லது அடிக்காதீர்கள்.

அனுபவம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அது யாரிடம் இருந்தது? இத்தனை வருடம் பேசிய எங்களிடமா? ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் எழுதி வைத்து, எழுதியதை மறக்காமல் இருந்த அந்த அம்மாவிடமா? அவரை நாட்டின் தலைவராக நிறுத்தலாம் என்று நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் தேநீர் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறேன்.

மருத்துவரே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதிவறைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டு நோட்டுகள். ஜெயித்தாலும் தோற்றாலும் படியுங்கள். நாங்கள் செய்த தவறுகள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. புதியவர் என்பதால் அவற்றை நீங்கள் திரும்பச் செய்ய மாட்டீர்கள் என்று ஒன்றும் இல்லை.

தலைவர் அவர்களே, சனிக்கிழமை வாக்கெடுப்புக்கு முன்னால் எங்கள் இருவரைப் பற்றியும் நோட்டில் இருப்பதை முழுவதும் பிரதிநிதிகளுக்கு வாசிக்க வேண்டும். மருத்துவரைப் பற்றி மூன்று வரி இருக்கும், என்னைப் பற்றி மூன்று மணி நேரம் வரும். வாசிக்கட்டும். இனி நாட்டுக்குத் தலைமை கேட்டு இந்தக் கட்சியில் யார் நின்றாலும் அவர்களுக்கும் அப்படியே வாசிக்க வேண்டும். நோட்டம்மாவின் பெயரால் நாம் எடுக்கும் உறுதிமொழி அதுவாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் தலையசைக்கிறார். நல்லது. ஆனால் தலையசைத்ததை எழுதியது யார்? நான் இவ்வளவு நேரம் பேசியதை எழுதியது யார்? மேடையில் ஜன்னலோரமாக அவருடைய நாற்காலியைப் போட்டு, மாலை போட்டு, பூ வைத்திருக்கிறோம். மேசையில் அவர் தேதி போட்ட புதிய நோட்டு திறந்தபடியே இருக்கிறது. இன்றும் யாரும் எழுதவில்லை. ஐந்து நாளில் இரண்டாவது முறை.

எனக்குப் பின் பேச இருப்பவர் பொதுச்செயலாளர். அவர் மைக்குக்கு வந்துவிட்டார். ஐயா, அந்தப் பூவை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் அங்கே உட்கார வேண்டும். என் பேனாவில் இப்போது நீல மைதான்.

கொஞ்சம் நில்லுங்கள், எழுத வேண்டும்.