சாவி ஃபைலில் பிள்ளையார் சுழி

ஊரார் பேச்சைக் கேட்டு உனக்கு என்னடி ஆகப்போகிறது? சரி, கேட்டுத் தொலை. சங்கரன்கோவிலில் சிவகிரி பஸ் கிளம்பவில்லை. எனக்கு முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு ஒரு பெண், பக்கத்தில் அவள் தோழி.

“அஞ்சு மணிக்குள்ள இந்தக் கிளவுட் புரோகிராம ஓட்டிக் காட்டலன்னா வேலை கெடையாது. உள்ள நுழையக் குடுத்த ரகசிய எழுத்து, அந்தச் சாவி, சரியாத்தான் இருக்கு, உள்ள விட மாட்டேங்குது.”

“ஏட்டி, சாவி ஃபைல்ல மொத வரி என்ன?”

“பிள்ளையார் சுழி.”

“கூறுகெட்டவளே! மெஷினுக்கு அது புரியுமா? அழி.”

“பிள்ளையாரையா? மாட்டேன்.”

“அப்ப அதுக்கு முன்னால ஒரு ஹாஷ் போடு. அந்த வரிய மட்டும் படிக்காம போயிரும்.”

திரையில் பிள்ளையார் சுழிக்கு முன்னால் வேலிப்படல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு வந்தது.

“ஓடிட்டு! ஓடிட்டுட்டி!”

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டாரிடம் நான் சொன்னது இதுதான்: “அந்தப் பிள்ளைக்கு வேலை கெடைச்சிரும். பிள்ளையாருக்குத்தான் வேலி போட்டுட்டாளுவ.”