மாதப்பன் ஏறாத லாரி

— காலு ரெண்டும் கடுக்குது மாதப்பா. மத்தூர்ல பஸ்ஸை விட்டு இறங்கி பாரூர் வரைக்கும் நடைதான். முதல்ல தண்ணி குடு.

— இந்தாங்க அண்ணி. களி இருக்குது, போடட்டுமா? எட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் கரிக்குழி ஊரு உங்களை விட்டுதா? அண்ணன் எங்க?

— படுத்துக்கிடக்கிறாரு. குழியில காலு நசுங்கிடுச்சு. உசுருக்குப் பயமில்லே. இனிமே இறங்க முடியாது. ரத்த உறவுல ஒரு ஆம்பளை அவரு இடத்துல இறங்கினா கம்பெனி குடுத்த லைன் வீடு எங்களுக்கே நிக்கும். இல்லேன்னா தை பொறந்ததும் காலி பண்ணணும். உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.

— ஐயோ, அண்ணனுக்கா! எல்லாரும் இங்கயே வந்துடுங்க அண்ணி. ஏரியில தண்ணி இருக்குது, கரும்பு நிக்குது. அந்தத் தெலுங்குச் சீமையில என்ன வெச்சிருக்கீங்க?

— என்ன வெச்சிருக்கோமா? நாங்க போனப்ப அது வெறும் முள்ளுக்காடு. இன்னிக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, மாரியம்மன் கோயில் இருக்குது. கல்லு சுமந்தது பொம்பளைங்க நாங்க. அங்க குழாயடிச் சண்டையில என்னை எவளும் ஜெயிக்க முடியாது. தெலுங்குல ஆரம்பிப்பேன், கன்னடத்துல ஏத்துவேன், தமிழ்ல முடிப்பேன்.

— அண்ணன் பாடு பாவம்!

— கேளு. இந்த வருசம் திருவிழாவுல முதல் தேங்கா மரியாதை யாருக்குன்னு நெனைக்கிறே? மாதப்பனுக்கு.

— என் பேர்லயே அங்க ஒருத்தனா?

— குழிக்குள்ள மேப்பாறை சரிஞ்சப்ப முட்டுக்கட்டையைத் தோள்ல தாங்கி நாலு பேரை வெளிய அனுப்பின ஆளு. அதுல ஒருத்தன் ராயப்பன். அவன் பொண்டாட்டி ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயில்ல மாதப்பன் பேருக்கு மெழுகுவத்தி ஏத்துறா.

— பேரு அப்படி அண்ணி! மாதப்பன்னாலே தோள் வலுவு.

— அப்பக் கெளம்பு.

— அது மட்டும் வேணாம். நான் அன்னிக்கே தப்பிச்சவன். வெள்ளைக்காரன் போன மறுவருசம் குழிக்கு ஆள் புடிக்க மேஸ்திரி வந்தானே, என் தோளைத் தட்டிப் பாத்து காகிதத்துல கைரேகை வாங்கிட்டான். காத்தால லாரி வந்து நிக்குது, நான் கரும்புக்குள்ள! 'மாதப்பா, மாதப்பா'ன்னு தொண்டை கிழியக் கத்தினான் பாருங்க. பொழுது சாஞ்சு வெளிய வந்தா, அண்ணன் உங்களையும் கூட்டிட்டு லாரி ஏறிட்டாருன்னாங்க.

— உங்கண்ணனை வயசாயிடுச்சுன்னு மேஸ்திரி முந்தின நாளே தள்ளினானே?

— தள்ளினான். அப்புறம் ஆள் பத்தலேன்னு சேத்துக்கிட்டான்.

— எந்தப் பேர்ல?

— அண்ணன் பேர்லதான்.

— அது என்ன பேரு?

— புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு என் வாயைப் புடுங்குறீங்களா? கரியப்பன்.

— அங்க நான் அவரைப் பேரு சொல்லித்தான் கூப்பிடறேன். குழாயடியே சிரிக்கும். கொழுந்தன் பேருதானே, சொன்னா என்ன?

— அண்ணி... என்ன சொல்றீங்க?

— ரேகை வெச்ச ஆளு வரலேன்னா மேஸ்திரி வீட்டுல பூந்து மாட்டை அவுத்துட்டுப் போறேன்னான். 'நான்தான் மாதப்பன்'னு உங்கண்ணன் ஏறிட்டாரு. மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும், முகத்தை எவன் பாத்தான்?

— அப்ப முட்டுக்கட்டை தாங்கினது...

— மாதப்பன். களியைத் தின்னுட்டு எழுந்திரு. உன் பேரை அவரு எடுத்துக்கிட்டாரு, அங்க எவனாவது கரியப்பான்னு கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கணும். உங்கண்ணனுக்கு நீ எட்டு வருசக் குழி பாக்கி.